பீலித்தண்ணியும் கிணத்துத்தண்ணியும்: ஊரில ஆறு நாள்

முதலாம் நாள், கண்டி - யாழ்ப்பாணம் இரவு பஸ்

ஆகஸ்ட் லீவு விட்டாச்சு. ஹற்றன் பக்கம் படிப்பிக்கப் போய் இது ஆறாவது வருசம், லீவுக்கு ஊருக்குப் போகேக்க வழமையா லீக்ஸ், கரட், ஒரு பை பேரிக்காய் எண்டு கட்டிக்கொண்டு போறனான், இந்தமுறை ரெண்டு சாமான்தான் எனக்கு முக்கியம். ஒண்டு 2 கிலோ தேயிலை, பி.ஓ.பி., அதாவது உடைச்ச இலைத் தேயிலை. என்னட்டப் படிக்கிற பிள்ளை ஒண்டின்ர அப்பா பக்டரியில வேலை செய்யிறவர், அவர்தான் "டீச்சர், இப்ப மழைக்குள்ள அரைக்கிறத வாங்காதீங்க, பெப்ரவரியில அரைச்சது பாக்கெட் கிடக்கு, அத வாங்கிட்டுப் போங்க" எண்டு சொன்னவர். ஹற்றன், தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களுக்கு சனவரியில இருந்து மார்ச் வரைதான் திறமான காலம், பகல் வெயில், இரவு குளிர், காஞ்ச காத்து, கொழுந்து மெதுவா வளரும், வாசமும் அப்பதான் ஏறும். மலையின்ர கிழக்குச் சரிவில கிடக்கிற ஊவாப் பக்கத்துக்கு அந்தக் காலம் யூலையில இருந்து செப்டெம்பர். ஒரே தீவுக்குள்ள, நடுவில மலை நிண்டு ரெண்டு பருவக்காத்தையும் மறிக்கிறதால வாற வித்தியாசம் இது.

மற்றது, 1.5 லீற்றர் போத்தில் நிறையப் பீலித்தண்ணி. மலையில பீலி எண்டா லயத்துக்கு, அதாவது தோட்டத்துச் சனத்தின்ர வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில பாறை ஊத்தில இருந்து குழாய் வச்சு விழுத்திற தண்ணி. ஏன் இதைக் காவிக்கொண்டு போறன் எண்டா, ஒவ்வொரு லீவுக்கும் நல்ல தேயிலைதான் கொண்டு போறன், எங்கட வீட்டில ஊத்தினா அந்த ருசி வாறேல்ல. அம்மா ஊத்திறது பிழையோ, வழியில தேயிலை பழுதாகுதோ எண்டு ஆறு வருசம் யோசிச்சுப் போட்டன், இந்தமுறை தண்ணியையே கொண்டு போய்ப் பாக்கிறது எண்டு முடிவு.

பஸ் மாத்தளை தாண்டேக்க முத்துமாரியம்மன் கோபுரத்தில லைட் எரிஞ்சுது. இந்த றோட்டால வரேக்க எல்லாம் நான் நித்திரை கொள்ளுறேல்ல. கோப்பித் தோட்டக் காலத்தில இந்தியாவில இருந்து கூட்டி வந்த சனம் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியா தம்புள்ளை, மாத்தளை எண்டு மலைக்கு நடந்தே வந்தது, வழியில காய்ச்சலிலயும் பேதியிலயும் செத்தது எத்தினையோ பேர். பிறகு 1869இல கோப்பி இலைக்கு நோய் விழுந்து எல்லாம் அழிஞ்சு போக, அதே சனம்தான் தேயிலையையும் நட்டது. 1867இல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில 19 ஏக்கரில தொடங்கினது எண்டு புத்தகத்தில வரும், பிள்ளையளுக்கு அதைப் படிப்பிக்கேக்க இந்த நடந்து வந்த கதையையும் சேத்துத்தான் சொல்லுறனான், அவையின்ர பூட்டன் பூட்டியின்ர கதை எல்லோ.

விடியப்புறம் மூண்டரைக்கு முறிகண்டி. பஸ் முழுக்க இறங்கி பிள்ளையாருக்கு கற்பூரம் கொளுத்திப் போட்டு, கச்சான் சுருளும் கையுமா தேத்தண்ணிக் கடைக்கு. இஞ்சி குத்திப் போட்ட பிளேன்ரீ, பால் விடாத வெறும் தேத்தண்ணி, சீனி நிறைய. இவ்வளவு சீனி வேறெங்கயும் எனக்கு இறங்காது, அந்த நேரத்தில அந்தக் குளிரில அது மருந்து.

ரெண்டாம் நாள், இணுவில்

ஆறரைக்கு வீட்டுப் படலை. அம்மா முகத்தைப் பாக்க முதல் கையைப் பாக்கிறா, "லீக்ஸ் கொண்டு வரேல்லையே பிள்ளை?" போத்திலைக் காட்டினன். "உதென்ன?" "தண்ணி அம்மா." "தண்ணியோ? எங்கட கிணத்தில இல்லாத தண்ணியோ?"

அதைத்தான் பாக்கப் போறம் எண்டு சொல்லி, பயணக் களைப்பும் ஆற முதல் குசினிக்குள்ள போய்ட்டன். ஒரே மாதிரிக் கண்ணாடிக் கிளாஸ் ரெண்டு. ரெண்டு சின்னச் சட்டி, ஒண்டில பீலித்தண்ணி, மற்றதில எங்கட கிணத்துத்தண்ணி. ரெண்டும் நல்லாக் கொப்பளிச்சுக் கொதிச்ச பிறகு இறக்கி, ஒவ்வொண்டுக்கும் மட்டமா ஒரு தேக்கரண்டி தேயிலை, மூடி நாலு நிமிசம், மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டு வடிச்சன். சீனி இல்லை, பால் இல்லை. ரெண்டு கிளாஸையும் யன்னல் கட்டில வச்சாச்சு.

பீலித்தண்ணிக் கிளாஸ் செம்மஞ்சள், வெயில் பட்டு அடியில கிடந்த தூள் வரைக்கும் தெரியுது, விளிம்பில ஒரு பொன் வளையம். எங்கட கிணத்துக் கிளாஸ் மண்ணிறம், கலங்கல், ரெண்டு நிமிசம் போகேல்ல, மேல ஒரு ஆடை மாதிரிப் படர்ந்திட்டுது, கரண்டியால தொட்டா அது துண்டு துண்டா உடைஞ்சு கிளாஸில ஒட்டுது. அதே தேயிலை. அதே நாலு நிமிசம். நான் கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டன்.

காரணம் எங்கட காலுக்குக் கீழதான் கிடக்கு. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், வருசம் முழுக்க ஓடுற ஆறு எண்டு ஒண்டு இல்லை, பெய்யிற மழை கல்லுக்குள்ள இறங்கி கிணத்துக்கு வரேக்க சுண்ணாம்பைக் கரைச்சுக்கொண்டு வரும். கேத்திலுக்குள்ள முட்டைக்கோது மாதிரி வெள்ளையாப் பிடிக்கிறதும் அதுதான். அந்தச் சுண்ணாம்பும் தேயிலையின்ர துவர்ப்புச் சாயமும் சேந்தா மேல ஆடை கட்டும், நிறம் மங்கும், மலைத் தேயிலையின்ர அந்த மெல்லிய வாசம் எழும்பவே எழும்பாது. 1200 மீற்றருக்கு மேல விளையிறதைத்தான் உயர்நிலத் தேயிலை எண்டுறது, அதின்ர பெருமையே வெளிச்சமான நிறமும் வாசமும், எங்கட தண்ணி அந்த ரெண்டையும்தான் முதல்ல திண்ணுது.

சரி, குடிக்கக் குடுத்தன். அம்மா பீலித்தண்ணிக் கிளாஸை ஒரு மிடறு, கீழ வச்சிட்டா. "சாயமே இல்லைப் பிள்ளை. காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற தண்ணி மாதிரிக் கிடக்கு." அப்பா ரெண்டுதரம் குடிச்சுப் பாத்தார், அவர் எதையும் டக்கெண்டு சொல்ல மாட்டார். "வாசம் இருக்கு. ஆனா தொண்டையில நிக்கேல்ல." ரெண்டு பேரும் கிணத்துத்தண்ணிக் கிளாஸைத்தான் எடுத்தவை.

எனக்கு முதல்ல நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருந்தது. உலகத்தில விலை குடுத்து வாங்கிற தேயிலை, அதைப் பறிச்ச கையளை எனக்குத் தெரியும், அந்தத் தேயிலை தன்ர ஊர்த் தண்ணியில எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காலாவது அம்மாவும் அப்பாவும் குடிச்சுப் பாத்துப் பிடிச்சிருக்கு எண்டு சொல்லோணும் எண்டு ஆசைப்பட்டனான். பிறகு யோசிச்சன், அம்மாவுக்கு அறுபது வருசமா தேத்தண்ணி எண்டா இந்தக் கிணறு. நாக்கு பழகினது இதுக்குத்தான்.

அம்மா ஒரு வேலை செய்து காட்டினா. கிணத்துத்தண்ணிக் கிளாஸுக்கு தேசிக்காய் ரெண்டு துளி பிழிஞ்சா, ஆடை காணாமல் போச்சு, மண்ணிறம் வெளுத்து செம்மஞ்சளாப் போச்சு. "இதுக்குத்தான் அப்பம்மா தேசிக்காய் விடுறவ, வயித்துக்கு நல்லம் எண்டு மட்டுமில்லை, அந்த ஆடை அவவுக்குப் பிடியாது." புளி சேந்தா சுண்ணாம்பு விடும் எண்டு ஆர் சொல்லிக் குடுத்ததோ தெரியாது, கை தானாக் கண்டுபிடிச்சு வச்சிருக்கு.

பின்னேரம் பக்கத்து வளவு மாமி கறந்த கையோட ஆட்டுப்பால் கொண்டு வந்து தந்தா. ஆட்டுப்பால் தேத்தண்ணி குடிக்காதவைக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்தேலாது. பசுப்பாலை விடத் தடிப்பா நாக்கில நிக்கும், ஒரு சின்ன மொச்சை மணம் இருக்கும், அதுக்குத்தான் இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போடுறது, சாயமும் கறுக்க விடோணும், சீனியும் ஒரு கரண்டி கூட. துணி வடிக்குள்ள தேயிலையைப் போட்டு கொதிதண்ணி விட்டு, ரெண்டு பேணியை எடுத்து உயத்தி உயத்தி ஆத்தினா நுரை மேல நிக்கும். என்ர 2 கிலோத் தேயிலையில இதைப் போட்டா ஒண்டும் தெரியேல்ல, அம்மா தன்ர பழைய ரின்னுக்குள்ள கிடந்த தூளில போட்டது அந்த மாதிரி.

மூண்டாம் நாள், சுன்னாகம்

அப்பாவோட சந்தைக்கு. வாழைக்குலை இறக்கின ஆக்களெல்லாம் பத்து மணிக்கு தேத்தண்ணிக் கடைக்குத்தான் வருவினம். கடைக்குள்ள ஆரும் "ஒரு தேத்தண்ணி" எண்டு மொட்டையாக் கேக்கேல்ல, "சாயம் கூட, சீனி குறைய", "பால் ரீ, ஆத்தாமல்", "பிளேன்ரீ, சீனி வேற", ஒருத்தர் நெஸ்டமோல்ட் கேட்டார், இன்னொருத்தர் வாயே திறக்கேல்ல, மாஸ்ரர் அவரைக் கண்டவுடன ஊத்தத் தொடங்கிட்டார். எங்கட அப்பா முந்தி ஆங்கர் மா போட்ட பால் ரீ தான், 2022இல பால்மாவுக்கு வரிசையில நிண்ட காலம் பிளேன்ரீக்கு மாறினவர், பால்மா வந்த பிறகும் திரும்பிப் போகேல்ல, இப்பதான் தேயிலை ருசி தெரியுது எண்டுறார்.

மாஸ்ரரிட்டக் கேட்டன், "ஐயா, என்ன தேயிலை பாவிக்கிறியள்?" "டஸ்ட் தான் பிள்ளை. நல்லது நல்லது எண்டு ஒருக்கா பெரிய தேயிலை எடுத்தனான், இந்தத் தண்ணிக்கு அது நிண்டு பிடியாது. சனம் கிளாஸைத் திருப்பித் தந்திட்டுதுகள்." ஆறு வருசம் நான் தேடினதை அவர் வடியைப் பிழிஞ்சுகொண்டே சொல்லிப்போட்டார். டஸ்ட் எண்டா பக்டரியில சலிக்கேக்க கடைசியா விழுற நுணுக்குத் தூள், குப்பை எண்டு நினைக்கிறவை இருக்கினம், அது பிழை, அதுவும் அதே கொழுந்துதான், துணிக்கை சின்னனா இருக்கிறதால சாயம் கெதியா இறங்கும், கறுக்கும், பாலுக்கும் சுண்ணாம்புக்கும் ஈடு குடுக்கும். மெல்லிய வாசத்துக்குப் பேர் போன தேயிலையைக் கொண்டு வந்து வாசத்தை எழும்ப விடாத தண்ணியில போட்டது என்ர பிழை. தேயிலையைத் தண்ணி பாத்துத்தான் எடுக்கோணும்.

பக்கத்து வாங்கில இருந்த ஒரு வயசான ஐயா எங்கட கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர். "இப்ப எல்லாரும் ஒரே கிளாஸில குடிக்கிறம், அதைப் பற்றியும் எழுது பிள்ளை" எண்டார். எழுதுறன். யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடையளில ஒரு காலம் ஒடுக்கப்பட்ட சாதி ஆக்களை உள்ளுக்கு விடாமல், வெளியில நிப்பாட்டி, போத்திலிலயும் பழைய பேணியிலயும் தேத்தண்ணி குடுத்தவை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி இதே சுன்னாகத்தில இருந்துதான் சாதி அமைப்புத் தகரட்டும் எண்டு ஊர்வலம் யாழ்ப்பாணத்துக்குப் போனது, பொலிஸ் அடிச்சும் போனது. அதுக்குப் பிறகு தேநீர்க்கடைப் பிரவேசம், கோயில் பிரவேசம் எண்டு போராட்டம் இன்னும் பரவினது. ஒரு கிளாஸ் தேத்தண்ணியை வாங்கில இருந்து குடிக்கிறதுக்குச் சனம் ரத்தம் சிந்தியிருக்கு. ஐயா தன்ர கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் குடிச்சார், நான் பாத்துக்கொண்டே இருந்தன்.

வரேக்க பனங்கட்டிக் குட்டான் பத்து வாங்கினன். குட்டான் எண்டா பனையோலையில இழைச்ச கைக்குள்ள அடங்கிற பெட்டி, பனங்கட்டிப் பாகை அதுக்குள்ளயே ஊத்தி இறுக விடுறது. இதுக்கு எடுக்கிறது கருப்பநீர், கள்ளா மாறாமல் இருக்க முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசித்தான் மரத்தில கட்டுவினம். கிணத்திலயும் சுண்ணாம்பு, முட்டியிலயும் சுண்ணாம்பு, எங்கட தேத்தண்ணி ரெண்டுக்கும் நடுவில கிடக்கு.

குடிக்கிற முறை இதுதான். பிளேன்ரீக்குள்ள பனங்கட்டியைப் போட்டுக் கலக்கக் கூடாது, கலக்கினா ரெண்டும் கெட்டுது. பாக்குப் பாதி அளவில ஒரு துண்டு கடிச்சு கன்னத்துப் பக்கம் ஒதுக்கிப் போட்டு, சீனி போடாத சாயத்தை ஒரு மிடறு. முதல் கைப்பு வரும். பிறகு சூட்டுக்குத் துண்டின்ர ஓரம் கரைஞ்சு இனிப்பு ஒரு பக்கத்தால மட்டும் வரும், அதோட ஓலை வாசம், புகை வாசம், கடைசியில ஒரு துளி உவர்ப்பு. நாலாவது மிடறுக்குத் துண்டு சின்னனாப் போக, திரும்ப ஒரு கடி. ஒரு கிளாஸ் முடிய கால் மணித்தியாலம் எடுக்கும். எனக்கு யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணி எண்டா இது ஒண்டுதான், மிச்சம் எல்லாம் பிறகு.

நாலாம் நாள், பருத்தித்துறை

அம்மம்மா வீடு. அவ தேத்தண்ணி தொடமாட்டா, கோப்பிதான், மல்லியும் சுக்கும் சேத்து வறுத்து இடிச்சது. மூக்குப்பேணியில ஊத்தி அண்ணாந்து குடிக்கிறா, வாய் படாது, 86 வயசில ஒரு சொட்டு சிந்தேல்ல. "தேயிலை பிறகு வந்தது மோனை, நாங்கள் கோப்பிச் சனம்" எண்டா.

சந்தியில தட்டை வடை வாங்கிக்கொண்டு கடற்கரைக் கடையொண்டில பிளேன்ரீ. பருத்தித்துறை வடை கையில எடுத்தா ஓடு மாதிரி, கடிச்சா உறைப்பு, அதுக்கு மேல சூடான சாயம் பட்டா உறைப்பு ரெண்டு மடங்காகும், கண்ணால தண்ணி வரும், ஆனா நிப்பாட்டேலாது. கடலால வந்த ஆக்கள் வலையில இருந்து மீன் கழட்டிக்கொண்டே ஒரு கையால கிளாஸ். நல்ல வெயில். வேற எழுத ஒண்டும் இல்லை, நல்ல நாள்.

ஐஞ்சாம் நாள், நெடுந்தீவு

குறிகட்டுவானில இருந்து போட் ஒரு மணித்தியாலம். தீவுக்குள்ள போகப் போகக் கல்லு வேலி, பனை, புல்லுவெளியில குதிரையள். ஆகஸ்ட் வறட்சியில கிணறெல்லாம் இறங்கிக் கிடக்கு, சவர்த்தண்ணி. குடாநாட்டிலயும் இதே கதைதான், நன்னீர் உப்புநீருக்கு மேல ஒரு படலமா மிதக்குது, நிலாவரைக் கிணறில மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு. தீவில அந்தப் படலம் இன்னும் மெல்லிசு. சாராப்பிட்டிப் பக்கக் கிணறுகளில நல்ல தண்ணி எடுக்கலாம், சனம் கனகாலமா அதை நம்பித்தான் இருந்தது.

தெரிஞ்ச ஆக்களின்ர வீட்டில ஒரு ஆச்சி தேத்தண்ணி போட்டுத் தந்தா. நான் முன்னமே சவர்த்தண்ணித் தேத்தண்ணிக்கு மனசைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போனனான். அவ தண்ணியே விடேல்ல. அடுப்பில பசுப்பால், அது பொங்கி வரேக்க தேயிலையை நேர அதுக்குள்ள போட்டு, ரெண்டு கொதி, வடி. "இஞ்ச தண்ணியை விடப் பால் லேசாக் கிடைக்கும் பிள்ளை. தண்ணியால கெடுக்கிறதை விட்டிட்டு பாலிலயே போட்டா என்ன?" இவ்வளவு கொழுப்பான தேத்தண்ணி நான் குடிச்சதே இல்லை, உதட்டில ஆடை ஒட்டுது, சாயம் செங்கல் நிறத்தில கிடக்கு, சீனி ஒரு சொட்டுத்தான், பாலின்ர இனிப்பே காணும்.

என்னட்டக் கைப்பையில மிச்சம் இருந்த பீலித்தண்ணியில ஆச்சிக்கு ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்தன், வடிவா மணந்து பாத்து, மெல்ல மெல்லக் குடிச்சு முடிச்சா. "இது பூ மாதிரி இருக்கு" எண்டா. ஐஞ்சு நாளில அந்தத் தேயிலையை விளங்கிக்கொண்டது அவ ஒராள்தான். நான் அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தன், பின்னேரப் போட்டைத் தவற விடப் பாத்தன்.

ஆறாம் நாள், வெளிக்கிட முதல்

நல்லூரில கொடியேறி நடக்குது, விடிய ஒருக்கா போய்க் கும்பிட்டு வந்து சாமான் அடுக்கிறன். குட்டான் பத்தில எட்டு ஹற்றனுக்கு, என்ர வகுப்புப் பிள்ளையளின்ர வீடுகளுக்கு. அங்க மலைக்குப் போக முதல் விடிய அஞ்சு மணிக்கு வெறும் பிளேன்ரீ குடிச்சிட்டுத்தான் அந்த அம்மாமார் கூடையைக் கட்டுறது, அவையின்ர தண்ணிக்கு இந்தப் பனங்கட்டி எப்பிடிப் பொருந்தும் எண்டு எனக்கு இப்பவே அறிய ஆசையாக் கிடக்கு.

அடுத்தமுறைக்கு அம்மாவின்ர ஓடர்: டஸ்ட் 1 கிலோ, லீக்ஸ் ரெண்டு கட்டு, தண்ணி வேண்டாம்.

மிச்ச பி.ஓ.பி. தேயிலையை என்ன செய்யிறது எண்டு நான் கேக்க முதலே அவ எல்லாத்தையும் ஒரு பால்மா ரின்னில கொட்டி, மூடியைச் சுத்தி பிளாஸ்ரர் ஒட்டி, ராக்கையின்ர மேல் தட்டில ஏத்திப்போட்டா. "ஏன் அம்மா?"

"கார்த்திகை மழை பிடிக்கட்டும். முத்தத்தில வெள்ளைத் துணி கட்டி ஒரு பானை மழைத்தண்ணி பிடிச்சு வைப்பன். அதில சுண்ணாம்பு இல்லைத்தானே. நீ மார்கழி லீவுக்கு வரேக்க அதில போட்டுக் குடிச்சுப் பாப்பம்."

பஸ் இரவு ஏழரைக்கு.